யார் எழுதிக் கொடுத்த கேள்வி

கைதட்டல் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பள்ளி விழாக்களில் என் பக்கத்தில் உட்காரும் ஆசிரியைகளுக்கு இது தெரியும். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும். இருபது வருடங்களுக்கு முந்திய ஒரு கைதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பரிசளிப்பு விழா. தகரக் கூரை போட்ட மண்டபம். வெள்ளைச் சட்டைக்கு மேல் நீலக் கவுன் போட்ட ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஒலிவாங்கியின் முன்னால் நிற்கிறாள். முன்வரிசைச் சோபாவில், கழுத்தில் மாலையோடு, தோட்டத்து மேனேஜர். அவரைப் பார்த்து அவள் ஆங்கிலத்தில் கேட்கிறாள்: "வில் யூ பிரேக் அவர் ஹவுசஸ், சார்?" எங்கள் வீடுகளை இடித்துவிடுவீர்களா என்று கேட்கிறாள். மேனேஜர் முகம் மலரச் சிரித்து, வகுப்பில் நான் பழக்கிய மாதிரியே அளவாகப் பதில் சொல்கிறார்: "நோ, மை டியர். வீ வோண்ட்." மாட்டோம் என்கிறார். மண்டபம் அதிர்கிறது.

இடித்தார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடிக்கமாட்டார்களோ என்று யாரும் ஆசையோடு படித்துக்கொண்டு போக வேண்டாம்.

நான் ஈப்போக்காரி. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பாவும் அரசாங்க உத்தியோகம். வீட்டில் பாதி ஆங்கிலம், பாதி யாழ்ப்பாணத் தமிழ். ஆசிரியப் பயிற்சி முடித்து எனக்குத் தோட்டத்துப் பள்ளி என்று உத்தரவு வந்ததும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதோ காட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஒப்பாரி. அப்பாதான் சமாதானம் சொன்னார். "அங்கை மேனேஜர் எங்கட ஆள்தான். வெள்ளிக்கிழமையில கோயிலுக்கு வாறவர். பிள்ளைக்கு ஒரு கரைச்சலும் வராது." எங்கட ஆள். அந்த வார்த்தை அப்போது எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது. இப்போது அதை யார் சொன்னாலும் எனக்கு நாக்கில் கசக்கிறது.

பள்ளியில் ஆங்கிலம் என் பாடம். பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வந்தது, கேட்க வரவில்லை. கேள்வி என்பது ஆசிரியர் கையில் பிரம்போடு சேர்ந்து வருகிற ஒன்று என்றே பழகியிருந்தார்கள். கேட்கச் சொன்னாலும் தமிழ்க் கேள்வியின் வாலைப் பிடித்து ஆங்கிலத்தில் ஒட்டினார்கள். "டீச்சர், யூ ஈட்டா?" "டீச்சர், யூ கோ ஈப்போவா?" சிரிப்பு வரும்தான். ஆனால் பெரிய பரீட்சையில் சிரித்துக்கொண்டு மதிப்பெண் போட யாரும் காத்திருக்கவில்லை. கரும்பலகையில் எழுதி எழுதிப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் எல்லோரையும் வெளியே பந்தல்போல் விரிந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். துணைவினைகளுக்கு ஆள் போட்டேன். ஒருவன் 'டூ', ஒருவன் 'கேன்', ஒருத்தி 'டிட்', ஒருத்தி 'வில்'. மற்ற பிள்ளைகள் 'யூ', 'கம்', 'டுமோரோ' என்று வரிசையாக நிற்பார்கள். சாதாரண வாக்கியம் என்றால் துணைவினைக்காரர் வரிசைக்கு நடுவில் நிற்க வேண்டும். கேள்வி என்றால் ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். பதில் சொல்ல மறுபடி உள்ளே ஓட வேண்டும். ஒரே வாரத்தில் வாலெல்லாம் உதிர்ந்துபோய்விட்டது.

'வில்' ஆக நின்றவள் மூன்றாவது லயத்துப் பிள்ளை. லயம் என்றால் வரிசை வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஒட்டிய தோட்டத்து வீடுகள். அவள் அப்பா பால்வெட்டுக்காரராக இருந்து, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு குலை அறுக்கப் போனவர். அவளுக்குக் குரல் சின்னது. கால்தான் வேகம். 'வில்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கவுன் பறக்க ஓடிவந்து முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரையும் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு கேள்விகளை அவர்களையே செய்யச் சொன்னேன். அங்கேதான் வினை வந்தது. கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை தனக்குத் தெரிய வேண்டியதைத்தானே கேட்கும்? "டஸ் யுவர் ஃபாதர் டிரிங்க்?" என்று ஒருவன் கேட்டான். "எஸ், ஹி டஸ்" என்றான் எதிரில் நின்றவன், வெட்கமே இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன், "டஸ் ஹி பீட் யூ?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

அறைக்குக் கூப்பிட்டார். "டீச்சர், மாம்பழம் புடிக்குமா, மீன் நீந்துமான்னு கேக்க வைங்க. போதும்லா. இந்த மாதிரி எல்லாம் வேணாம்" என்றார். மீன் நீந்துமா! ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு மீன் நீந்துமா என்று தெரியாதா? தெரிந்ததைக் கேட்பது ஒரு கேள்வியா? இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளி நின்றது தோட்டத்து நிலம், குழாயில் வந்தது தோட்டத்துத் தண்ணீர், அவர் குடியிருந்தது தோட்டத்து வீடு. அவருடைய பயம் எனக்கு இன்று புரிகிறது. புரிகிறது என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

பரிசளிப்பு விழா வந்தது. பிள்ளைகளின் ஆங்கிலக் கேள்வி பதிலை மேடையில் நடத்துவோம், மேனேஜரும் மகிழ்ந்துபோவார் என்று தலைமையாசிரியருக்கு ஆசை. கேள்விகளை அவரே எழுதிக் கொடுத்தார். எல்லாம் மாம்பழமும் மீனும்தான். கடைசிக் கேள்வி மட்டும் மேனேஜரைப் பார்த்து. "வில் யூ கம் டு அவர் ஸ்கூல் அகேன், சார்?" எங்கள் பள்ளிக்கு மறுபடியும் வருவீர்களா? "எஸ், ஐ வில்" என்று அவர் சொல்ல வேண்டும். அதையும் அவருக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். தொரையிடம், அதாவது மேனேஜரிடம், யாரும் சொந்த வார்த்தையில் பேசமாட்டார்கள். தீபாவளி வாழ்த்து என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதிக் கொடுப்பார். குழாய் ஒழுகுகிறது என்ற புகாரையும் அதே கிராணிதான் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்பார்கள். மூன்று தலைமுறையாக அப்படித்தான் நடந்தது. கடைசிக் கேள்விக்கு 'வில்' வேண்டும் என்பதால் அது மூன்றாவது லயத்துப் பிள்ளைக்கு வந்தது.

அந்த மாதம் தோட்டத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. தொப்பி போட்ட ஆட்கள் வந்து லயங்களுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டி அளந்துவிட்டு, சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். கிராணியைக் கேட்டால் ரோடு போடுகிறார்கள் என்றார். சமையலறைக்குள்ளேயா ரோடு போடுவார்கள்? தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று கோயிலில் கூடிப் பேசினார்கள். ஈப்போவில் ஒரு வக்கீல் இருந்தார். கைமாறுவதற்கு முன்னால் எல்லாக் குடும்பமும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் தடை வாங்கலாம், பிறகு வந்தால் கஷ்டம் என்று சொல்லியிருந்தார். இதற்கெல்லாம் முன்னால் நின்றவர் அந்தப் பிள்ளையின் அப்பாதான். எல்லோரையும் வக்கீலிடம் ஏற்றிப்போக ஒரு லோரி பேசி வைத்திருந்தார். விழா சனிக்கிழமை. லோரி மறுநாள் காலை; ஞாயிறென்றாலும் வக்கீல் வரச் சொல்லியிருந்தார்.

மேடையில் மாம்பழம் முடிந்தது, மீன் முடிந்தது. அவள் ஒலிவாங்கிக்கு வந்தாள். நான் திரைக்குப் பின்னால் அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். 'வில் யூ' என்று தொடங்கியதும் மீதிச் சொற்களை என் வாய் தானாக முணுமுணுத்தது. ஆனால் ஒலிபெருக்கியில் வந்தது வேறு. திரையை விலக்கிப் பார்த்தேன். தலைமையாசிரியரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மேனேஜர் மட்டும் அசையவில்லை. சிரித்தார், பதில் சொன்னார், ஜனங்கள் தட்டினார்கள்.

ஏன் தட்டினார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பாதிப் பேருக்கு ஆங்கிலம் புரியாது. தங்கள் பிள்ளை தொரையோடு இங்கிலீஷ் பேசிவிட்டது, தொரையும் அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டார், அதற்கே தட்டினார்கள். புரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல, அவர்களும் சேர்ந்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். சபையில், மாலை போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. பெரிய மனுசன் அதை மீறமாட்டான் என்று நம்பினார்கள். நம்பியவர்களை முட்டாள்கள் என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். நம்பவைத்தவனுக்கு என்ன பேர் என்று முதலில் சொல்லுங்கள்.

மறுநாள் லோரி போகவில்லை. "தொரையே புள்ளைகிட்ட சொல்லிட்டாரு, இனிமே கோர்ட்டு கேசுன்னு போனா அவர அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும்" என்று பேச்சாகி, அந்த அப்பாவே போய் லோரிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னை நிற்கவைத்துக் கேட்டார். "யாரு எழுதிக் கொடுத்தது?" யாரும் இல்லை என்றேன். "நீங்க இல்லாம வேற யாரு டீச்சர்?" என்றார். நல்லவேளையாக மேனேஜருக்குக் கோபமில்லையாம். பள்ளியின் ஆங்கிலத் தரத்தைப் பாராட்டி ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பியிருந்தார். பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். கையில் பிஸ்கட்டோடு நின்றவள், "யாருமில்ல டீச்சர். எங்க வீட்டுக்குப் பின்னால குச்சி நட்டுருக்காங்க. அம்மா தெனம் அழுவுறாங்க. அதான் அவர்கிட்டயே கேட்டேன்" என்றாள்.

தமிழில் அவள் அதைக் கேட்டிருக்க முடியாது. தொரை, ஐயா, தயவுசெய்து என்று எத்தனை கும்பிடு போட்ட பிறகு அந்தக் கேள்வி வெளியே வந்திருக்கும்! ஆங்கிலத்தில் ஒரு 'யூ'தான். முதலாளிக்கும் அதுவே, நாய்க்குட்டிக்கும் அதுவே. ஓடிவந்து முன்னால் நின்று கேட்டுவிட்டாள்.

ஆறு மாதம் போவதற்குள் நோட்டீஸ் வந்தது. வக்கீலிடம் ஓடினார்கள். தோட்டம் கைமாறி முடிந்திருந்தது. முன்னமே வந்திருக்கலாமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். அந்த வெள்ளிக்கிழமை ஈப்போக் கோயிலில் மேனேஜரை நான் பிடித்துக்கொண்டேன். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதம். "ஒரு பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் மாட்டோம் எண்டு சொன்னீங்கள்தானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளை, அது ஒரு ஸ்கூல் கொன்சேர்ட். சின்னப் பிள்ளை ஒண்டு மேடையில கேட்டால் வேற என்ன சொல்லுறது? அழ வைக்கச் சொல்லுறீரோ?" அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "பெரிய மனிசரோட வாதாடாதை. எங்கட ஆக்கள் நாலு பேர் பாக்கினம்." பார்க்கட்டும் என்றுதான் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல வருடம் கழித்து அவர் இறந்தபோது வீட்டில் எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை, போகாததற்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

லயங்களை இடித்த நாளில் பள்ளி நடந்தது. இயந்திரச் சத்தத்தில் பாடம் கேட்கவில்லை. ஒவ்வொரு குடும்பமாகத் தகரத்தையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு புந்தோங், சுங்கை சிப்புட் என்று கிடைத்த இடத்துக்குப் போனார்கள். மூன்றாவது லயத்துப் பிள்ளை சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். வரிசையில் 'வில்' நிற்க ஆளில்லை. அடுத்த வருடம் எனக்கும் மாற்றல் வந்துவிட்டது.

போன மாதம் புந்தோங்கில் ஒரு மளிகைக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து, "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா? நான்தான் வில்" என்றாள். கடையென்றும் பார்க்காமல் கட்டிக்கொண்டேன். லகாட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறாளாம். அம்மா இறந்து சில வருடம் ஆகிறதாம். அப்பா அவளோடு இருக்கிறாராம். "பக்கத்துலதான் டீச்சர், வீட்டுக்கு வாங்க. அப்பா சந்தோஷப்படுவாரு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மலிவு விலை அடுக்குமாடி. லிஃப்ட் ஓடவில்லை. நான்காம் மாடிக்கு ஏறி மூச்சு வாங்க நின்றேன். உள்ளே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். குலை அறுத்த தோள்கள் இறங்கிப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். "வாங்க டீச்சர், உக்காருங்க. டீ போடச் சொல்லவா, மைலோ குடிக்கிறீங்களா?" என்று உபசாரம். கொஞ்ச நேரம் மழை, முட்டிவலி என்று பேச்சுப் போனது. பிறகு அவர் என் பக்கம் குனிந்து, மெதுவாக, அன்பாகவே சொன்னார்: "டீச்சர், எனக்கு ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல. அப்போ ஒங்களுக்கும் சின்ன வயசு. ஒங்க ஆளு சொன்னா நீங்க எழுதிக் கொடுக்கத்தானே வேணும். மனசுல வச்சிக்காதீங்கலா."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடமாக அந்த ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், டீச்சரும் யாழ்ப்பாணத்துக்காரி. கேள்வியை டீச்சர் எழுதிக் கொடுத்தாள், பதிலை அவர் தயாராக வைத்திருந்தார். லோரியை நிறுத்த இரண்டு பேரும் சேர்ந்து போட்ட நாடகம். செய்யாத துரோகத்துக்கு எனக்கு மன்னிப்பு, மைலோவோடு.

"நான் எழுதிக் கொடுக்கல" என்றேன்.

"சரி டீச்சர், சரி" என்றார், பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

சமையலறை வாசலில் இருந்து மகள் சொன்னாள்: "எத்தன தடவ சொல்லிட்டேன்ப்பா, நானாதான் கேட்டேன்னு."

"நீ சும்மா இரு. டீச்சர் வந்திருக்காங்கன்னு அவங்களுக்காகப் பேசாத." என் பக்கம் திரும்பினார். "ஐந்தாவது படிக்கிற புள்ள, தொரைகிட்ட அப்படிக் கேக்குமா டீச்சர்? வீட்டுல என்கிட்டயே நிமிந்து பேசாது இது."

எனக்கு வந்த கோபத்தில் வயதானவர் என்றும் பார்க்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். மேனேஜர் வீட்டை எடுத்தான். தலைமையாசிரியர் என் வாயை அடைத்தார். இப்போது பெற்ற அப்பாவே அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்து என் கையில் கொடுக்கிறார். "அண்ணே, அந்தத் தோட்டத்துல எத்தனை ஆம்பிளைங்க இருந்தீங்க? எத்தனை பேர் கேட்டீங்க? உங்க மக ஒருத்திதான் கேட்டா. யாரும் எழுதிக் கொடுக்கல. எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு அவளா கேட்டா. அதை எனக்குக் கொடுக்காதீங்க. அது அவளோடது."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எங்களுக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்: "அப்படின்னா லோரிய நானாதான் நிப்பாட்டினேன்னு ஆவுது."

என் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அவர் மேல் அதை இறக்க முடியாது. இறக்க வேண்டிய ஆள் செத்துப்போய்விட்டான், மாலை மரியாதையோடு. நான் மைலோவைக் குடித்தேன். குடிக்காமல் வந்திருந்தால் அவர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

அவள் கீழே வரை கொண்டுவந்து விட்டாள். மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில் என் காருக்குப் பக்கத்தில் நின்று, "டீச்சர், ஒன்னு சொல்லவா?" என்றாள். "அன்னிக்கு எங்கிட்ட இன்னொரு கேள்வியும் இருந்திச்சி. ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன்."

"என்ன கேள்வி?"

"அவரு மாட்டோம்னு சொல்லிட்டா, 'அப்போ எதுக்கு சார் அளந்தீங்க?'ன்னு கேக்கணும்னு. வாயத் தொறந்துட்டேன் டீச்சர். அதுக்குள்ள தட்டிட்டாங்க." அவள் மேலே, நான்காம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். "எங்கப்பாதான் மொதல்ல தட்டுனாரு."